முன் பிரேக்கைப் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள்

"முன் பிரேக்கைப் பிடிச்சிராதே, குப்புற விழுந்துருவே!" கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடும் அப்பாவோ அண்ணனோ சைக்கிள் பழகும் பிள்ளைக்குச் சொல்லும் முதல் பாடம் பெரும்பாலும் இதுதான். அது வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொள்கிறது. நாற்பது வயதிலும் அவசரம் என்றால் இடது கை தானாகப் பின் பிரேக்கை அழுத்துகிறது. முன் பிரேக் இருக்கும் வலது கை ஹேண்டிலை இறுகப் பற்றியபடி சும்மா இருக்கிறது. பேருந்து நிலைய சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கும் வண்டிகளைக் குனிந்து பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். பின் சக்கரத்தின் பிரேக் கட்டை தேய்ந்து ரப்பர் முடிந்திருக்கும். முன் சக்கரத்தின் கட்டை வாங்கிய அன்று இருந்ததுபோலவே இருக்கும். சில வண்டிகளில் முன் பிரேக்கின் கம்பியே இருக்காது.

இந்தப் பாடம் தவறு. நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதுதான், ஆனாலும் ஆளைக் காயப்படுத்தும் அளவுக்குத் தவறு.

ஓடும் சைக்கிளை நிறுத்தும்போது வண்டியின் எடையும் ஓட்டுகிறவரின் எடையும் முன்னோக்கிச் சாய்கின்றன. முன் சக்கரம் தரையில் இன்னும் அழுந்துகிறது. பின் சக்கரம் லேசாகிறது. லேசான சக்கரத்துக்குத் தரையில் பிடிப்புக் குறைவு. அதில் எவ்வளவு அழுத்தி பிரேக் பிடித்தாலும் அது பூட்டிக்கொண்டு வழுக்குமே தவிர, வண்டியை நிறுத்தாது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சாதாரண சைக்கிளில் பின் பிரேக்கை மட்டும் நம்பினால் கிடைக்கும் நிறுத்தும் திறன், புவியீர்ப்பின் கால் பங்கு அளவுதான். முன் பிரேக்கைச் சரியாகப் பயன்படுத்தினால் அது பாதியைத் தாண்டும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒருவர் முன் பிரேக்கோடு சுமார் 3 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக் மட்டும் என்றால் 6 மீட்டருக்கு மேல் போய்விடும். சந்திலிருந்து ஒரு குழந்தை குறுக்கே ஓடி வரும்போது அந்த 3 மீட்டர் வித்தியாசம் எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும்.

சைக்கிள் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 4210 இதை எண்ணிலேயே ஒப்புக்கொள்கிறது. நகரத்தில் ஓட்டும் சைக்கிள் 25 கிலோமீட்டர் வேகத்தில், உலர்ந்த தரையில், இரண்டு பிரேக்கையும் பிடித்தால் 7 மீட்டருக்குள் நிற்க வேண்டும் என்கிறது. பின் பிரேக் மட்டும் பிடித்தால்? 15 மீட்டர் வரை அனுமதி. இரு மடங்குக்கும் மேல்.

அப்படியானால் குப்புற விழுவது கட்டுக்கதையா? இல்லை. முன் பிரேக்கைத் திடீரென்று முழுப் பலத்தோடு பிடித்தால் பின் சக்கரம் தூக்கும். கைகளைத் தளர விட்டிருப்பவரின் உடம்பு ஹேண்டிலைத் தாண்டிப் போகும். விழுந்த பலர் இப்படித்தான் விழுந்தார்கள். ஆனால் இதைத் தடுக்கும் வழி முன் பிரேக்கை ஒதுக்கிவைப்பது அல்ல. முழங்கையை ஊன்றிக் கொடுக்க வேண்டும், இடுப்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ள வேண்டும், பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். பின் சக்கரம் லேசாக வழுக்கத் தொடங்கினால் போதும், முன் பிரேக்கின் பிடியைச் சற்றுத் தளர்த்தச் சொல்லும் அடையாளம் அது. மணல் கிடக்கும் திருப்பத்திலும், மழை பெய்து சாணி கரைந்த தெருவிலும் முன் சக்கரம் வழுக்கினால் வண்டியை மீட்க முடியாது என்பதால், அங்கே மட்டும் பின் பிரேக்குக்கு முதலிடம். ஒரு பிள்ளைக்கு இவ்வளவையும் புரியவைக்க ஒரு மாலை நேரம் போதும்.

முன் பிரேக்கைப் பற்றிய பயத்தில் வேறொரு நியாயம் இருக்கிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முன் பிரேக்கை நம்புகிறவர் உண்மையில் நம்புவது பிரேக்கை அல்ல, முன் சக்கரத்தைத் தாங்கி நிற்கும் ஃபோர்க்கை. பின் பக்கம் ஏதாவது ஒடிந்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். ஃபோர்க் ஒடிந்தால் முகம் தரையில் படும். கையை ஊன்றக்கூட நேரம் இருக்காது.

அந்த ஃபோர்க் எதைத் தாங்குகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆள் 60 கிலோ, வண்டி 20 கிலோ, மொத்தம் 80 கிலோ. முன் பிரேக்கை நன்றாகப் பிடித்தால் தரை டயரைப் பின்னோக்கித் தள்ளும் விசை சுமார் 44 கிலோ எடைக்குச் சமம். பிரேக் கட்டை ரிம்மைப் பிடிக்கும் வகையில், கட்டை இருக்கும் மேல் பகுதியில் ஃபோர்க் முன்னோக்கி இழுபடுகிறது. சக்கரத்தின் அச்சு பொருந்தியிருக்கும் கீழ் நுனியில் அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விசையோடு, அதாவது 90 கிலோவுக்கு அருகில், பின்னோக்கித் தள்ளப்படுகிறது. இந்த வளைவு முழுவதும் போய்ச் சேரும் இடம், இரண்டு கால்களும் ஒன்றுசேர்ந்து ஹேண்டிலுக்குப் போகும் குழாயாக மாறும் கழுத்துப் பகுதி. தரையிலிருந்து அது ஏறக்குறைய முக்கால் மீட்டர் உயரத்தில் இருப்பதால் 44 கிலோ விசை அங்கே பெரிய நெம்பலாகிறது. ஃபோர்க் ஒடிந்தால் பெரும்பாலும் அங்கேயோ அதன் அருகிலோதான் ஒடியும்.

இன்னொன்றும் உண்டு. சும்மா ஓட்டிக்கொண்டிருக்கும்போது எடை ஃபோர்க்கை முன்பக்கமாக வளைக்கப் பார்க்கும். பிரேக் பிடித்தால் அது பின்பக்கமாக வளைய முயலும். குழியில் இறங்கினால் மறுபடி இன்னொரு திசை. கண்ணுக்குத் தெரியாத அளவில், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை, இப்படி முன்னும் பின்னும். ஐ.எஸ்.ஓ. சோதனையில் ஃபோர்க்கை 1,00,000 தடவை முன்னும் பின்னும் வளைத்துப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். ஒரே அடியில் ஒடியாத உலோகம், சின்னச் சின்ன வளைவுகளால் மெல்லச் சோர்ந்து விரிசல் விடும்.

ஃபோர்க் ஒடிந்தால் என்ன ஆகும் என்பதைச் சைக்கிள் பந்தய உலகம் நூறு ஆண்டுகளாக மறக்காமல் வைத்திருக்கிறது. 1913-ஆம் ஆண்டு டூர் து பிரான்ஸ் போட்டியில் பிரெஞ்சு வீரர் யூஜின் கிறிஸ்தோஃப் வெற்றி வாய்ப்போடு முன்னணியில் இருந்தார். பிரனீஸ் மலைத்தொடரில் தூர்மலே கணவாயைக் கடந்து இறங்கும்போது அவருடைய ஃபோர்க் ஒடிந்தது. வண்டியைப் பழுதுபார்க்க வெளியார் உதவி கூடாது, வேறு வண்டி மாற்றவும் கூடாது என்பது அன்றைய விதி. சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு சுமார் 10 கிலோமீட்டர் மலைப்பாதையில் நடந்து சென்மரி த காம்பான் என்ற கிராமத்துக்கு வந்தார். அங்கே ஒரு கொல்லுப்பட்டறை. பூட்டுத் தொழில் பழகியவர் என்பதால் தானே இரும்பைக் காய்ச்சி, அடித்து, ஒட்டினார். போட்டி அதிகாரிகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்ததும், ஒரு சிறுவனைத் துருத்தி ஊதவிட்டது வெளியார் உதவி என்று சொல்லி நேரத் தண்டனையும் போட்டார்கள். அதற்குள் அவர் மணிக்கணக்கில் பின்தங்கியிருந்தார். அந்த ஆண்டு வென்றவர் பெல்ஜியத்தின் ஃபிலிப் தைஸ். பட்டறை இருந்த இடத்தில் இன்று நினைவுப் பலகை இருக்கிறது.

கதை அத்தோடு முடியவில்லை. 1919-இல் போட்டியில் முதலிடத்தில் இருப்பவருக்கான மஞ்சள் பனியன் அறிமுகமானபோது அதை முதலில் அணிந்தவர் அதே கிறிஸ்தோஃப். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, பாரிஸுக்கு முந்தைய கட்டத்தில், மறுபடி ஃபோர்க் ஒடிந்தது. 1922-இல் மூன்றாவது முறை. டூர் து பிரான்ஸை அவர் ஒருமுறைகூட வெல்லவில்லை. அவரிடம் குறை சொல்ல எதுவும் இல்லை. அன்றைய குழாயும் பற்றவைப்பும் அந்தச் சாலைகளைத் தாங்கவில்லை.

நவீன உலோகம் வந்தபின் இது தீர்ந்துவிட்டதா? 2006 பாரிஸ்-ரூபே பந்தயத்தில் அமெரிக்க வீரர் ஜார்ஜ் ஹின்கேப்பி கற்கள் பதித்த சாலையில் முன்னணிக் கூட்டத்தோடு போய்க்கொண்டிருந்தார். திடீரென்று ஹேண்டில் கையோடு வந்துவிட்டது. ஃபோர்க்கிலிருந்து மேலே போகும் அலுமினியக் குழாய் முறிந்திருந்தது. கணப்பொழுதில் தோளில் அடிபட்டுத் தரையில் கிடந்தார். கவனிக்க வேண்டியது அதற்கு முந்தைய நிகழ்வு: அதே பந்தயத்தில் சற்று முன்பு அவர் ஒருமுறை விழுந்திருந்தார். எழுந்து, அதே வண்டியில் தொடர்ந்து ஓட்டினார். மேலே பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

இங்கேதான் நம் தெருமுனை சைக்கிள் கடையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. நம்மூரில் ஃபோர்க் வளைவதற்குப் பெரிய விபத்துகூட வேண்டாம். ஹேண்டிலில் மாட்டிய வயர்கூடையோ துணிப்பையோ ஆடி ஆடி முன் சக்கரத்துக்குள் போகும். ஸ்போக்ஸ் கம்பி அதை இழுத்துக்கொண்டு போய் ஃபோர்க்கின் காலில் முட்டும். சக்கரம் ஒரே நொடியில் நின்றுவிடும். எந்த பிரேக்கும் தராத அடி அது. வண்டியின் மொத்த வேகமும் ஃபோர்க்கின் கழுத்தில் இறங்கும். ஓட்டியவர் முட்டி சிராய்ப்போடு எழுந்து பார்த்தால், முன் சக்கரம் பின்னுக்கு வந்து மட்கார்டில் கால் இடிக்கும். கடைக்குத் தள்ளிக்கொண்டு போவார். கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க்கின் கால்களுக்கு இடையே இரும்புக் குழாயைச் செருகி, தம் பிடித்து நெம்பி, கண்ணை ஒருக்களித்துப் பார்த்து, இன்னொரு நெம்பு நெம்பி பெண்டு எடுத்துக் கொடுப்பார். வளைவு அதிகம் என்றால் கேஸ் அடுப்பில் காய்ச்சுவதும் உண்டு. வண்டி நேராக ஓடும். வந்தவருக்கும் திருப்தி, கடைக்காரருக்கும் கூலி.

அந்தக் கடைக்காரரின் கைத்திறனில் குறை இல்லை. குறை அந்த இரும்பில் இருக்கிறது. ஒரு கம்பியைக் கையால் ஒடிக்க வேண்டுமென்றால் நாம் என்ன செய்கிறோம்? முன்னும் பின்னும் வளைக்கிறோம். பெண்டு எடுப்பதும் அதேதான். ஒருமுறை பின்னால் வளைந்த இரும்பை மறுபடி முன்னால் வளைக்கிறோம், அதுவும் எந்த இடத்தில் பலம் அதிகம் வேண்டுமோ அதே இடத்தில். கண்ணுக்குத் தெரியாத விரிசல் அங்கே தொடங்கியிருக்கலாம். காய்ச்சினால் கால்கள் பற்றவைக்கப்பட்ட இடத்தின் வலுவும் போகும். அந்த ஃபோர்க் அடுத்த மாதம் ஒடியலாம், அடுத்த ஆண்டு ஒடியலாம், ஒடியாமலும் போகலாம். ஆனால் அது எப்போது ஒடியும் என்று பார்த்தால், முன் பிரேக்கை ஒருவர் உயிர்ப் பயத்தோடு இழுத்துப் பிடிக்கும் அந்தக் கணத்தில்தான் அதிகம் வாய்ப்பு.

சாதாரண சைக்கிளுக்குப் புது ஃபோர்க் சில நூறு ரூபாய்தான். வளைந்த ஃபோர்க்கை நிமிர்த்துவதில்லை, மாற்றித்தான் தருவோம் என்று சைக்கிள் கடைக்காரர்கள் முடிவெடுக்க வேண்டும். வாடிக்கையாளரும் கூலியைப் பார்க்காமல் அதற்கு இணங்க வேண்டும்.

பழைய வண்டியில் ஃபோர்க் எப்படி இருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். நல்ல வெளிச்சத்தில் ஃபோர்க்கின் இரு கால்களும் தொடங்கும் இடத்தை ஈரத்துணியால் துடைத்து, கட்டைவிரல் நகத்தால் மேலிருந்து கீழே தடவ வேண்டும். பெயின்ட் சுருக்கம் விழுந்திருந்தால், குறிப்பாகப் பின்பக்கத்தில் மடிப்பு மடிப்பாக இருந்தால், உள்ளே இரும்பு வளைந்திருக்கிறது. முடிபோல் ஒரு துருக்கோடு தெரிந்தால் அதைச் சந்தேகப்பட வேண்டும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஹேண்டில் கழுத்துக் குழாயும் ஃபோர்க் காலின் மேல்பகுதியும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். கடைசியாக, முன் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். "டக் டக்" என்று ஹேண்டில் கழுத்தில் சத்தம் கேட்டால் கோன் தளர்ந்திருக்கிறது, அல்லது பால்ரஸ் தேய்ந்திருக்கிறது. அந்தத் தளர்வோடு ஓட்டினால் ஒவ்வொரு பிரேக்கும் ஃபோர்க்குக்கு ஒரு சம்மட்டி அடி.

இப்போது கடைகளில் பையன்கள் கேட்பது டிஸ்க் பிரேக். மழையில் ரிம் நனைந்தால் கட்டை பிரேக் வழுக்கும், அதுவும் பழைய இரும்பு ரிம்மில் மிக மோசமாக. டிஸ்க் அப்படி ஏமாற்றாது. நல்ல சாதனம்தான். ஆனால் அது ஃபோர்க்கின் கணக்கை மாற்றிவிடுகிறது. ரிம் பிரேக்கில் சக்கரத்தின் விளிம்பில் பிடிக்கிறோம். டிஸ்க்கிலோ அச்சுக்கு அருகில், 16 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறு தட்டில் பிடிக்கிறோம். அதே 44 கிலோ விசைக்கு அந்தத் தட்டில் சுமார் 200 கிலோ விசை தேவைப்படுகிறது. அதுவும் இரண்டு கால்களிலும் பகிரப்படாமல் இடது காலின் கீழ்ப் பகுதியில் மட்டும். இதைத் தாங்கும்படி தடித்த சுவரோடு செய்யப்பட்ட ஃபோர்க் வேறு, ரிம் பிரேக்குக்கென்று செய்த ஃபோர்க் வேறு. சாதாரண ஃபோர்க்கில் பட்டையை வெல்டிங் வைத்து டிஸ்க் மாட்டித் தரும் வேலையை எந்தக் கடையும் செய்யக் கூடாது, எந்தப் பெற்றோரும் அனுமதிக்கக் கூடாது.

அந்த 200 கிலோ எந்தத் திசையில் வேலை செய்கிறது என்பது அதைவிட முக்கியம். பிரேக் பிடிக்கும் பகுதி ஃபோர்க் காலின் பின்னால் இருப்பதால், சுழலும் தட்டை அது கீழ்நோக்கித் தள்ளுகிறது. தட்டோடு சேர்ந்து அச்சும் கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது. அச்சு உட்காரும் பிளவும் கீழ்நோக்கித் திறந்திருந்தால், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் சக்கரம் ஃபோர்க்கை விட்டு வெளியேறப் பார்க்கிறது. 2003 வாக்கில் இந்த ஆபத்து வெளிப்படையாக எடுத்துச் சொல்லப்பட்டது. உற்பத்தியாளர்கள் தரப்பில் எதிர்ப்பும் தயக்கமும் இருந்தன. இன்று நல்ல டிஸ்க் வண்டிகளில் அச்சு பிளவில் உட்காருவதில்லை. மூடிய துளைக்குள் நுழைந்து திருகப்படுகிறது.

2015-இல் அமெரிக்காவில் ட்ரெக் நிறுவனம் சுமார் 9 லட்சம் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது. முன் சக்கரத்தை விரைவாகக் கழற்றும் கைப்பிடி சரியாக மூடப்படாமல் அதிகமாகத் திறந்தால் டிஸ்க் தட்டில் சிக்கி, சக்கரம் திடீரென்று நிற்கவோ கழன்றுவிடவோ வாய்ப்பு இருந்தது. பதிவான சம்பவங்கள் ஒரு சிலதான். அவற்றில் ஒருவர் கைகால்கள் செயலிழந்துபோனார். நம் கடைகளிலும் அத்தகைய கைப்பிடி உள்ள வண்டிகள் விற்கின்றன. அதை நட்டைப்போலச் சுற்றி இறுக்கிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். அது சுற்றி இறுக்குவதற்கானது அல்ல, மடக்கி மூடுவதற்கானது. மூடும்போது உள்ளங்கையில் தடம் பதியும் அளவுக்கு அழுத்தம் வேண்டும். இதைக் காட்டிக்கொடுக்க விற்பனையாளருக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கி, பிறகு எல்லாப் பிரிவினருக்கும் விரிந்த விலையில்லா மிதிவண்டித் திட்டத்தில், ஒவ்வோர் ஆண்டும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் லட்சக்கணக்கில் சைக்கிள் பெறுகிறார்கள். பள்ளியை எட்டாத தூரத்தில் வைத்திருந்த பல குடும்பங்களுக்கு அந்த வண்டி கதவைத் திறந்துவிட்டது. அதன் அருமையை யாரும் குறைத்துப் பேச முடியாது. அதனால்தான் அதைக் கொடுக்கும் விதத்தில் கவனம் வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது. மைதானத்தில் மலைபோலக் குவித்து, அவசரமாகப் பூட்டப்படும் வண்டிகளில் முன் பிரேக்கின் கட்டை ரிம்மைத் தொடாமலே இருப்பதைப் பார்க்கலாம். வாங்கிய கையோடு பிள்ளை கடைக்குப் போய்ச் செலவழித்துச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அம்பத்தூரில் சைக்கிள் செய்யும், ஆவடியில் அதற்கான இரும்புக் குழாய் இழுக்கும் மாநிலம் இது. பொறியியல் கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் பஞ்சமில்லை. கொள்முதல் செய்யும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில வண்டிகளை எடுத்து, ஃபோர்க்கைச் சோதனை மேடையில் ஒடியும்வரை வளைத்துப் பார்த்து, முடிவைப் பொதுவில் வெளியிடலாம். ஒப்பந்தத்தில் முன் பிரேக் நிறுத்தும் தூரத்தை எழுதி, வண்டி கொடுக்கும் நாளன்று பள்ளி மைதானத்திலேயே அளந்து பார்க்கலாம். உள்ளூர் சைக்கிள் கடைக்காரர் ஒருவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்து அழைத்து வந்தால், பிரேக் கட்டையைச் சரியாக வைப்பதும் கோன் இறுக்குவதும் அன்றே முடியும்.

மீதி நேரத்தில் உடற்கல்வி ஆசிரியர் மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடலாம். முதல் சுற்றில் கோட்டைத் தொட்டதும் பின் பிரேக் மட்டும். வண்டி எங்கே நிற்கிறது என்று அடையாளம் வைக்க வேண்டும். அடுத்த சுற்றில் முழங்கையை ஊன்றி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு பிரேக்கையும் சேர்த்து. இரண்டு அடையாளத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பிள்ளைகளே காலால் அளந்து பார்க்கட்டும்.